12 கேமரா, 30 நாள் பதிவு: எந்த ரெக்கார்டிங் மென்பொருள் சரிவரும்?

கிடங்குக்கண்:

வணக்கம். ஒரு கிடங்கு, அதை ஒட்டிய சிறு அலுவலகம், இரண்டுக்கும் சேர்த்து ரெக்கார்டிங் மென்பொருள் தேர்வு செய்ய வேண்டும். நிலவரம் இது: 4 மெகாபிக்சல் ஐபி கேமரா 8, எல்லாம் பிஓஇ (நெட்வொர்க் கேபிளிலேயே மின்சாரம் வாங்குபவை), எச்.265 வீடியோ சுருக்கம் தரும். பழைய டிவிஆர் (அனலாக் கேமராப் பதிவுப் பெட்டி) ஒன்றில் 1080பி அனலாக் கேமரா 4. அந்தப் பக்கக் கேபிளை இப்போதைக்கு மாற்ற முடியாது. கணினி 8ஆம் தலைமுறை இன்டெல் ஐ5, 16 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி. தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது.

12 கேமராவும் 24 மணி நேரமும் பதிவாக வேண்டும். 30 நாள் வரை பின்னோக்கிப் பார்க்க முடிய வேண்டும். இரவில் ஆளோ வண்டியோ வந்தால் மட்டும் போனுக்குத் தகவல் வர வேண்டும். பூனைக்கும் பூச்சிக்கும் மழைக்கும் வரக் கூடாது. அலுவலகத்தில் உட்காருபவர்கள் கணினி நுணுக்கம் அறியாதவர்கள். "நேற்று மாலை 4 மணி, கேட் பக்கம்" என்று கேட்டால் அவர்களே தேடி எடுத்துக் கொடுக்கும்படி இருக்க வேண்டும்.

ப்ளூ ஐரிஸ், ஃப்ரிகேட், ஜோன்மைண்டர், ஏஜென்ட் டிவிஆர் ஆகியவற்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். லினக்ஸ் ஓரளவு தெரியும். ஹார்ட் டிஸ்க் எவ்வளவு வேண்டும்? இந்தக் கணினி தாங்குமா? இல்லை, பேசாமல் ஒரு என்விஆர் பெட்டியே (ஐபி கேமராக்களைத் தானே பதிவு செய்யும் தனிக் கருவி) வாங்கிவிடலாமா?


பிட்ரேட்:

மென்பொருள் பெயருக்குப் போகும் முன் டிஸ்க் கணக்கை முடித்துவிடலாம், மற்ற எல்லாம் அதைத் தொட்டுத்தான் வரும். மெகாபிக்சலை வைத்துக் கணக்குப் போடாதீர்கள், பிட்ரேட்டை (கேமரா நொடிக்கு அனுப்பும் தரவின் அளவு) வைத்துப் போடுங்கள். 1 எம்பிபிஎஸ் (நொடிக்கு ஒரு மெகாபிட்) ஓடும் கேமரா ஒரு நாளைக்கு 10.8 ஜிபி எழுதும். இந்த ஒரு எண்ணை மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

உங்கள் 8 ஐபி கேமராவை எச்.265, 15 ஃப்ரேம், உச்ச வரம்பு 3 எம்பிபிஎஸ் என்று வையுங்கள்: 24. டிவிஆரின் 4 சேனலை எச்.264 (எச்.265க்கு முந்தைய சுருக்க முறை), 2 எம்பிபிஎஸ் என்று வையுங்கள்: 8. மொத்தம் 32 எம்பிபிஎஸ். நாளைக்கு 345.6 ஜிபி, 30 நாளைக்கு 10,368 ஜிபி. ஆக 12 டிபி டிஸ்க் ஒன்று. 12 டிபி என்று விற்கப்படுவதை விண்டோஸ் ஏறத்தாழ 10.9 என்றுதான் காட்டும். அதே விண்டோஸ் கணக்கில் உங்கள் பதிவு 9.4 வரும். மீதி இடத்தைக் காலியாகவே விடுங்கள். டிஸ்க்கை விளிம்புவரை நிரப்பினால் பழையதை அழிப்பதும் புதியதை எழுதுவதும் ஒரே நேரத்தில் மோதி, பதிவில் இடைவெளி விழும்.

வேரியபிள் பிட்ரேட்டில் வைத்திருந்தால் பகல் சராசரியை நம்பிவிடாதீர்கள். இருட்டினால் சென்சார் கெயினை ஏற்றும், படம் முழுக்க நாய்ஸ் கொதிக்கும். என்கோடருக்கு அந்த நாய்ஸ் எல்லாம் அசைவுதான். ஆளே இல்லாத இடத்திலும் பிட்ரேட் உச்ச வரம்பில் போய் நிற்கும். மழையில் இன்ஃப்ராரெட் வெளிச்சம் பட்டாலும் இதே கதை. அதனால் கணக்கை எப்போதும் உச்ச வரம்பில் போடுங்கள்.

டிஸ்க் வகையிலும் கவனம் வேண்டும். 32 எம்பிபிஎஸ் என்பது ஆண்டுக்கு 126 டிபி எழுத்து. டபிள்யூடி பர்பிள், சீகேட் ஸ்கைஹாக் போன்ற கண்காணிப்பு டிஸ்க்குகள் ஆண்டுக்கு 180 டிபி வேலைச்சுமைக்கு மதிப்பிடப்பட்டவை, உங்களுக்குப் போதும். சாதாரண மேசைக் கணினி டிஸ்க்கைப் போடாதீர்கள். குறிப்பாக எஸ்எம்ஆர் (தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும்) வகையைத் தொடவே வேண்டாம்: ஓயாமல் எழுதும்போது அது உள்ளுக்குள் தடங்களைத் திருப்பி எழுதப் போய்விடும், அந்த நேரத்தில் வேகம் படுத்துவிடும். சிஎம்ஆர் (தடங்கள் படியாத வகை) என்று உறுதி செய்து வாங்குங்கள். இயங்குதளமும் மென்பொருளின் டேட்டாபேஸும் எஸ்எஸ்டியில், வீடியோ மட்டும் பெரிய டிஸ்க்கில்.

இப்போது மென்பொருள். எதைப் பார்த்தாலும் முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: கேமரா ஏற்கெனவே சுருக்கி அனுப்பும் வீடியோவை அது அப்படியே டிஸ்க்கில் எழுதுகிறதா, இல்லை பிரித்து மறுபடி சுருக்கி எழுதுகிறதா? மறுபடி சுருக்கினால் 12 கேமராவுக்கு உங்கள் ஐ5 மூச்சுத் திணறும், தரமும் ஒரு படி இறங்கும். ப்ளூ ஐரிஸில் இதற்கு "டைரக்ட் டு டிஸ்க்" என்று பெயர். ஜோன்மைண்டரில் "பாஸ்த்ரூ". ஃப்ரிகேட் வழக்கமாகவே அப்படியே எழுதும். அப்படியே எழுதும்போது சிபியுவுக்குப் பதிவு வேலை என்று ஒன்று இருக்கவே இருக்காது. நேரலை பார்ப்பதற்கும் அசைவு கண்டறிவதற்கும்தான் டிகோட் செய்யும் (சுருக்கத்தைப் பிரிக்கும்), அதையும் சப் ஸ்ட்ரீமில் (கேமரா கூடவே அனுப்பும் சிறிய, தரம் குறைந்த வீடியோ) வைத்துக்கொள்ளலாம். மெயின் ஸ்ட்ரீம் பதிவுக்கு, சப் ஸ்ட்ரீம் கண்டறிவதற்கு. இந்தப் பிரிப்பைச் செய்யாமல் "சிபியு 100 சதவீதம் ஓடுகிறது" என்று வருபவர்கள்தான் அதிகம்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று: அப்படியே எழுதும் முறையில் மென்பொருள் திரையில் காட்டும் தேதி, நேரம் வீடியோவுக்குள் பதியாது. கேமராவிலேயே நேர எழுத்தை இயக்கி வையுங்கள்.

உங்கள் தேவைக்கு என் ஓட்டு ப்ளூ ஐரிஸுக்கு. விண்டோஸில் மட்டும் ஓடும், முழு உரிமம் 64 கேமரா வரை. அலுவலகத்தில் இருப்பவர் பிரவுசரிலேயே அதன் யுஐ3 பக்கத்தைத் திறந்து, நேரக்கோட்டை இழுத்து, வேண்டிய துண்டை வெளியே எடுக்கலாம். மூன்று விஷயம் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். சர்வீஸாக ஓட விடுங்கள், இல்லாவிட்டால் விண்டோஸ் அப்டேட் முடிந்து கணினி மறுபடி எழுந்தபின் யாராவது லாகின் செய்யும்வரை பதிவு நடக்காது. வீடியோ ஃபோல்டரையும் டேட்டாபேஸ் ஃபோல்டரையும் ஆண்டிவைரஸிலிருந்து விலக்குங்கள். ஃபைலை ஒரு மணி நேரத்துக்கு ஒன்றாக வெட்டச் சொல்லுங்கள். எட்டு மணி நேர ஃபைல் ஒன்று கெட்டால் எட்டு மணி நேரமும் போகும்.


சட்டகம்5:

பிட்ரேட் போட்ட கணக்கில் குறை சொல்ல ஒன்றுமில்லை. முடிவில்தான் வேறுபடுகிறேன். கேள்வி கேட்டவர் "ஆள், வண்டி மட்டும்" என்கிறார், பூச்சிக்கு வேண்டாம் என்கிறார். பிக்சல் மாற்றத்தை வைத்து அசைவு கண்டறியும் எந்த மென்பொருளும் இரவில் லென்ஸ் முன் பறக்கும் பூச்சிக்கு அலாரம் அடிக்கும். உணர்திறனைக் குறைத்தால் பூச்சி போகும், கூடவே தூரத்தில் வரும் ஆளும் போவான். இங்கே பொருளை அடையாளம் காணும் மாடல்தான் வேண்டும். ப்ளூ ஐரிஸிலும் அதைச் சேர்க்கலாம்தான். ஆனால் ஃப்ரிகேட் அந்த வேலையைச் சுற்றியே கட்டப்பட்டது.

உங்கள் கணினியே போதும். 8ஆம் தலைமுறை இன்டெல்லில் உள்ள கிராபிக்ஸில் ஓப்பன்வினோ (மாடலை இன்டெல் சில்லில் ஓட்டும் மென்பொருள்) ஓடும், ஒரு முறை அடையாளம் காண சுமார் 15 முதல் 25 மில்லி விநாடி. அதாவது நொடிக்கு 40க்கு மேல். சப் ஸ்ட்ரீமை நொடிக்கு 5 ஃப்ரேமில் கண்டறிய விட்டால் 12 கேமராவுக்கு 60 ஆகிறதே என்று கேட்பீர்கள். ஃப்ரிகேட் முதலில் அசைவைப் பார்த்து, அசைந்த பகுதியை மட்டும் வெட்டித்தான் மாடலுக்கு அனுப்பும். 12 கேமராவிலும் ஒரே நொடியில் ஆள் நடமாடினால்தான் அந்த எண் வரும். கோரல் குச்சி (இந்த வேலைக்கான கூகுளின் யுஎஸ்பி கருவி) எதுவும் வாங்க வேண்டாம். டிகோட் வேலையை இன்டெல் சில்லின் குயிக் சிங்க் வசதி பார்த்துக்கொள்ளும், எச்.265 உட்பட.

நிறுவும்போது தடுக்கி விழும் இடங்கள்:

ஃப்ரிகேட் டாக்கர் என்ற பெட்டகத்துக்குள் ஓடும்; அது இயல்பாகத் தரும் பகிர்வு நினைவகம் 64 எம்பி. 12 கேமராவுக்குப் போதாது, "பஸ் எரர்" என்று செத்துவிடும். 640க்கு 360 சப் ஸ்ட்ரீம் என்றால் 256 எம்பி கொடுங்கள், நிம்மதியாக இருக்கும். ஃப்ரிகேட்டின் எஸ்க்யூலைட் டேட்டாபேஸை எஸ்எஸ்டியில் வையுங்கள். நெட்வொர்க் ஷேரில் வைத்தால் லாக் சிக்கல் வந்து டேட்டாபேஸே உடையும். தற்காலிக கேஷை ராமில் வையுங்கள், 10 நொடித் துண்டுகள் முதலில் அங்கேதான் விழும். 16 ஜிபி இருக்கிறது, தாராளம்.

கேமராவிடம் நேரடியாக மூன்று நான்கு இணைப்பு கேட்காதீர்கள். கண்டறிய ஒன்று, பதிவுக்கு ஒன்று, நேரலைக்கு ஒன்று, போனுக்கு ஒன்று என்று போனால் கேமரா சில இணைப்புகளை மறுக்கத் தொடங்கும், குறிப்பாகப் பழைய டிவிஆர். ஃப்ரிகேட்டுக்குள்ளேயே இருக்கும் கோ2ஆர்டிசி ஒரே இணைப்பாக வாங்கி, கேட்பவர்களுக்கெல்லாம் பிரித்துக் கொடுக்கும்.

டிவிஆரின் அனலாக் சேனல்களையும் ஆர்டிஎஸ்பி (வீடியோவை நெட்வொர்க்கில் கேட்டு வாங்கும் முறை) வழியாக எடுக்கலாம். ஹிக்விஷன் வகையில், முகவரியில் முதல் சேனல் மெயின் 101, சப் 102. இரண்டாவது 201, 202, இப்படியே போகும். டாஹுவா வகையில் சேனல் எண் தனி, சப்டைப் 0 என்றால் மெயின், 1 என்றால் சப். கடவுச்சொல்லில் @ குறி இருந்தால் முகவரியில் அதை %40 என்று எழுத வேண்டும். இல்லாவிட்டால் @க்குப் பின்னால் வருவதைச் சர்வர் பெயர் என்று எடுத்துக்கொண்டு "இணைப்பு தோல்வி" என்று மட்டும் சொல்லும், கடவுச்சொல் சரியாகத்தானே இருக்கிறது என்று நீங்கள் மண்டையை உடைத்துக்கொள்வீர்கள்.

அலாரம் பகுதியில் "மண்டலம்" வரைவதை அவசரமாகச் செய்யாதீர்கள். ஆளைச் சுற்றி வரும் பெட்டியின் கீழ்க்கோட்டு நடுப்புள்ளி மண்டலத்துக்குள் வந்தால்தான் கணக்கு. அதாவது காலடி. தலை தெரியும் உயரத்தில் மண்டலம் வரைந்துவிட்டு "ஆள் வந்தும் தகவல் வரவில்லை" என்று சொல்வது வழக்கமான தவறு. தரையில் வரையுங்கள்.

ஜோன்மைண்டர் நீண்ட காலமாக இருக்கும் நல்ல மென்பொருள்தான். ஆனால் ஆள், வண்டி பிரித்தறிய வெளியிலிருந்து தனிப் பகுதிகளைப் பொருத்த வேண்டும், பராமரிப்பு கூடும். உங்களுக்கு அது வேண்டாம். மைல்ஸ்டோன் நிறுவனத்தின் இலவச எசென்ஷியல் பிளஸ் 8 கேமராவோடு நிற்கும், உங்களிடம் 12. சினாலஜி சேமிப்புப் பெட்டி இருந்தால் 2 கேமரா உரிமம் கூடவே வரும், அதற்கு மேல் கேமராவுக்கு ஒன்று வாங்க வேண்டும்.


பிட்ரேட்:

சட்டகம்5, பூச்சி விஷயத்தில் உங்களோடு சண்டை இல்லை. ஒரே ஒரு இடத்தில் மட்டும் ஃப்ரிகேட் இவருக்கு இடிக்கும்: எல்லாக் கேமராவையும் ஒரே சேமிப்பு இடத்தில்தான் எழுதும். ஒரு டிஸ்க் போனால் 30 நாளும் போச்சு. ப்ளூ ஐரிஸில் 6 கேமராவை ஒரு டிஸ்க்குக்கும் 6 கேமராவை இன்னொன்றுக்கும் பிரிக்கலாம். கேட்டைப் பார்க்கும் இரண்டு கேமராவை வெவ்வேறு டிஸ்க்கில் வைத்துவிட்டால், ஒன்று செத்தாலும் ஒரு கோணம் மிஞ்சும். ரெய்டு 5 (பல டிஸ்க்கை ஒன்றாகச் சேர்த்து, ஒன்று போனாலும் தரவு தங்கும் ஏற்பாடு) போடுவதைவிடக் கண்காணிப்புக்கு இது நல்லது என்பது என் கருத்து. ரெய்டு 5இல் ஒரு டிஸ்க் மாற்றினால் மறுகட்டுமானம் நாள்கணக்கில் ஓடும், அதற்கிடையிலும் கேமரா எழுதிக்கொண்டேதான் இருக்கும்.


சட்டகம்5:

உண்மைதான். ஃப்ரிகேட்டில் போகிறவர் இரண்டு டிஸ்க் ரெய்டு 1 (இரண்டிலும் ஒரே பதிவு) போட்டுக்கொள்ள வேண்டும், அல்லது முக்கியக் கேமராக்களுக்குள்ளேயே எஸ்டி கார்டு போட்டு இரண்டாம் பதிவாக வைத்துக்கொள்ள வேண்டும். எஸ்டி கார்டு போட்டால் ஹை எண்டூரன்ஸ் வகையைப் போடுங்கள். சாதாரணக் கார்டு ஓயாமல் எழுதினால் சத்தமில்லாமல் செத்துவிடும், தேவைப்படும் அன்றைக்குத்தான் தெரியும். ஃப்ரிகேட்டின் ஒரு நல்ல குணத்தையும் சொல்லிவிடுகிறேன்: ஒரு மணி நேரப் பதிவுக்குக் குறைவாக இடம் இருந்தால், அதுவே மிகப் பழைய இரண்டு மணி நேரத்தை அழித்து இடம் பண்ணும். டிஸ்க் நிரம்பிப் பதிவு நின்றுபோகும் பேச்சே இல்லை. ஆனால் இந்த அழிப்பு அடிக்கடி நடந்தால் 30 நாள் கணக்கு தவறியிருக்கிறது என்று அர்த்தம். மாதம் ஒருமுறை மிகப் பழைய பதிவின் தேதியைப் பாருங்கள்.


மூடியபோர்ட்:

எல்லோரும் மென்பொருளைப் பற்றியே பேசுகிறீர்கள். போனில் பார்க்க வேண்டும் என்றதுமே பலர் ரௌட்டரில் போர்ட் (வெளியிலிருந்து நேரே நுழையும் வழி) திறந்துவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். 2016இல் மிராய் பாட்நெட் (கருவிகளைக் கைப்பற்றித் தாக்குதலுக்குப் பயன்படுத்தும் வலை) பரவியது பெரும்பாலும் இயல்புக் கடவுச்சொல்லோடு இணையத்துக்குத் திறந்து கிடந்த கேமராக்களிலும் டிவிஆர்களிலும்தான். 2021இல் வெளியான சிவிஇ-2021-36260 ஓட்டையில் ஹிக்விஷன் கேமராக்கள் பலவற்றுக்குள் கடவுச்சொல்லே இல்லாமல் கட்டளை அனுப்ப முடிந்தது. உங்கள் பழைய டிவிஆருக்கு ஃபர்ம்வேர் அப்டேட் வருவதே நின்றிருக்கலாம். அதை இணையத்துக்குக் காட்டவே கூடாது.

செய்ய வேண்டியது இது. கணினியில் இரண்டு நெட்வொர்க் போர்ட் வையுங்கள், ஒன்று பிஓஇ சுவிட்சுக்கு, மற்றொன்று அலுவலக நெட்வொர்க்குக்கு. கேமராக்களும் டிவிஆரும் பிஓஇ பக்கத்தோடு நிற்கட்டும், கேட்வே (வெளி இணையத்துக்குப் போகும் வழி) முகவரியே கொடுக்காதீர்கள். நிர்வகிக்கக்கூடிய சுவிட்ச் இருந்தால் விலேனிலும் (ஒரே சுவிட்சைத் தனித்தனி நெட்வொர்க்காகப் பிரிப்பது) இதையே செய்யலாம். கேமராவிலும் ரௌட்டரிலும் யுபிஎன்பியை (தானாகவே போர்ட் திறக்கும் வசதி) அணையுங்கள், கேமராவின் பி2பி கிளவுட் வசதியையும் அணையுங்கள். வெளியிலிருந்து பார்க்க ஒயர்கார்டு அல்லது டெயில்ஸ்கேல் போட்டு விபிஎன் வழியாக மட்டும் மென்பொருளின் பக்கத்துக்கு வாருங்கள். போனில் ஒரு பொத்தானைத் தட்டினால் போதும், அலுவலகத்தில் இருப்பவருக்கும் சிரமம் இல்லை.

இப்படிப் பிரித்ததும் உடனே ஒரு விளைவு வரும்: கேமராவின் கடிகாரம் ஓடிப்போகும். இணையம் இல்லாததால் நேரத்தைச் சரிபார்க்க ஆள் இல்லை. சில மாதத்தில் கேமராவுக்குக் கேமரா நிமிடக் கணக்கில் வித்தியாசம் வந்துவிடும். கேட் கேமராவில் 4:02, கிடங்குக் கேமராவில் 3:57 என்று இருந்தால் அந்தப் பதிவை வைத்து நடந்ததை வரிசைப்படுத்தவே முடியாது. பதிவுக் கணினியிலேயே என்டிபி (நேரத்தை ஒத்திசைக்கும்) சர்வர் ஓட விடுங்கள் (லினக்ஸில் க்ரோனி போதும்), 8 கேமராவும் டிவிஆரும் அந்தக் கணினியின் முகவரியைப் பார்க்கட்டும். டிவிஆரின் நேர மண்டல அமைப்பையும் ஒருமுறை பாருங்கள், பலவற்றில் தவறாகவே இருக்கும்.

பிஓஇ சுவிட்சையும் சொல்லாமல் விட முடியவில்லை. 802.3ஏஎஃப் என்ற பிஓஇ தரம் என்றால் போர்ட்டுக்கு 15.4 வாட், ஆனால் சுவிட்சின் மொத்த வாட் வரம்பு வேறு. 8 போர்ட் சுவிட்சுக்கு 60 வாட் வரம்பு என்றால், பகலில் கேமராவுக்கு 4 வாட் வீதம் 32 வாட்தான் ஆகும், எல்லாம் நன்றாக ஓடும். பொழுது சாய்ந்து இன்ஃப்ராரெட் எல்இடி எரிந்ததும் கேமராவுக்கு 8 வாட் ஆனால் 64. ஏதோ ஒரு கேமரா விழும், எழும், மறுபடி விழும். மென்பொருளில் "சிக்னல் இல்லை" என்று வரும், ஆள் மென்பொருளை மாற்றிக்கொண்டிருப்பார். தினமும் இருட்டும் நேரத்தில் மட்டும் கேமரா போனால் முதலில் சுவிட்சைப் பாருங்கள். அடுத்து, செம்பு பூசிய அலுமினியக் கேபிளா என்று பாருங்கள். நீளம் கூடினால் அதில் வோல்டேஜ் இறங்கிவிடும். முழுச் செம்பு கேட்6தான் போட வேண்டும், 100 மீட்டருக்குள்.


கிடங்குக்கண்:

மூவருக்கும் மிக்க நன்றி. எஸ்எஸ்டியில் ஃப்ரிகேட்டைப் போட்டு 3 கேமராவும் டிவிஆரின் 1 சேனலும் மட்டும் இணைத்துப் பார்த்தேன். இரண்டு ஐபி கேமரா நன்றாக இருக்கிறது. பிரச்சினை இவை:

மூன்றாவது ஐபி கேமராவில் பதிவைத் திறந்தால் சில நொடி சாம்பல் நிறத்தில் குழம்பித்தான் படம் வருகிறது. நேரக்கோட்டில் வேறு இடத்தைத் தொட்டாலும் அப்படியே. டிவிஆர் சேனலில் நேரலை வருகிறது, பதிவு மட்டும் இல்லை. "புதிய பதிவுத் துண்டுகள் உருவாகவில்லை" என்ற பொருளில் லாகில் ஓடிக்கொண்டே இருக்கிறது. பதிவுக்கு ஆடியோ காப்பி பிரீசெட் (ஒலியை அப்படியே எழுதும் முன்னமைப்பு) வைத்திருக்கிறேன். அலுவலகத்தின் பழைய கணினியில் நேரலையைத் திறந்தால் சில கேமரா கறுப்பாகவே நிற்கிறது, என் போனில் அதே கேமரா தெரிகிறது.


சட்டகம்5:

மூன்றும் வெவ்வேறு நோய்.

சாம்பல் குழப்பம்: அந்தக் கேமராவில் எச்.265+ அல்லது "ஸ்மார்ட் கோடெக்" என்று ஏதோ இயங்குகிறது, பாருங்கள். அசைவு இல்லாதபோது கீ ஃப்ரேமை (மற்ற ஃப்ரேமை நம்பாத முழுப் படம், ஐ ஃப்ரேம் என்றும் சொல்வார்கள்) நொடிக்கணக்கில் தள்ளிப்போட்டு இடம் மிச்சம் பிடிப்பது அதன் வேலை. அதே நிறுவனத்தின் பெட்டிக்கு அது சரி. மற்ற மென்பொருளுக்கு ஒவ்வொரு துண்டும் கீ ஃப்ரேமில் தொடங்கினால்தான் படத்தை முழுதாகக் கட்ட முடியும். அணைத்துவிட்டு, ஐ ஃப்ரேம் இடைவெளியை ஃப்ரேம் வேகத்துக்குச் சமமாக வையுங்கள்: 15 ஃப்ரேம் என்றால் இடைவெளி 15, அதாவது நொடிக்கு ஒரு கீ ஃப்ரேம். டிஸ்க் கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கும், ஆனால் உச்ச வரம்பை வைத்துக் கணக்குப் போட்டிருப்பதால் பாதகமில்லை. சில கேமராவில் ஸ்மார்ட் கோடெக் மெயினுக்கு ஒன்று, சப்புக்கு ஒன்று என்று தனித்தனியாக இருக்கும், இரண்டையும் பாருங்கள். மாற்றியபின் கேமராவை ஒருமுறை ரீபூட் செய்யுங்கள். அப்படியும் படம் கீழ்ப்பாதியில் இழுத்த மாதிரி தேய்ந்தால் ஆர்டிஎஸ்பி யுடிபியில் ஓடுகிறதா என்று பார்த்து டிசிபிக்கு (தொலைந்ததைத் திரும்ப அனுப்பும் முறை) மாற்றுங்கள். யுடிபியில் ஒரு பாக்கெட் தொலைந்தாலும் அடுத்த கீ ஃப்ரேம் வரை கறை நிற்கும்.

டிவிஆர் பதிவு: ஆடியோதான் காரணம். டிவிஆர் ஜி.711 என்ற பழைய வடிவில் ஒலி அனுப்பும், எம்பி4 ஃபைலுக்குள் அதை அப்படியே போட முடியாது, அதனால் துண்டே உருவாகாது. டிவிஆரில் ஏஏசி என்ற ஒலி வடிவுக்கு மாற்ற முடிந்தால் மாற்றுங்கள். முடியாவிட்டால் அந்தக் கேமராவுக்கு மட்டும் "ஆடியோ ஏஏசி" பிரீசெட் கொடுங்கள், ஒலியை மட்டும் மாற்றி எழுதும், அதற்குச் சிபியு செலவு கண்ணுக்கே தெரியாது. உண்மையில் ஒலி தேவையா என்றும் யோசியுங்கள். பணியிடத்தில் பேச்சைப் பதிவு செய்வதற்கு வீடியோவைவிடக் கடுமையான சட்டக் கட்டுப்பாடு பல நாடுகளில் உண்டு. வேண்டாமென்றால் டிவிஆரிலேயே அணைத்துவிடுங்கள்.

கறுப்புத் திரை: எச்.265ஐப் பிரவுசரில் காட்டுவது அந்தக் கணினியின் ஹார்டுவேரைப் பொறுத்தது. உங்கள் போனில் இருக்கிறது, பழைய கணினியில் இல்லை. சப் ஸ்ட்ரீமை எச்.264க்கு மாற்றி, நேரலைக்கு அதையே காட்டுங்கள். மெயின் எச்.265ஆகவே இருக்கட்டும். அந்தப் பழைய கணினியில் பதிவைப் பார்க்கவும் இதே தடங்கல் வரும், அதற்கு வழி எடுத்த துண்டை விஎல்சியில் திறப்பதுதான். அலுவலகத்தில் தினமும் பதிவைத் தேடப் போகிறார்கள் என்றால் அந்தக் கணினியை மாற்றுங்கள், அல்லது கேட் கேமரா இரண்டை மட்டும் மெயினிலும் எச்.264 ஆக்கி 5 எம்பிபிஎஸ் கொடுங்கள். இரண்டுக்கும் சேர்த்துக் கூடுதல் 4 எம்பிபிஎஸ், நாளைக்கு 43 ஜிபி, 30 நாளைக்கு 1.3 டிபி. 12 டிபியில் இடிக்கும், 14 எடுங்கள்.


பிட்ரேட்:

என்விஆர் பெட்டி பற்றிக் கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. இந்தக் கணினியை மாதம் ஒருமுறை திறந்து பார்க்க ஒரு ஆள் இல்லை என்றால் பெட்டிதான் சரி. கேமரா நிறுவனத்தின் அதே பெட்டி என்றால் ஸ்மார்ட் கோடெக் ஓடும், இணைப்பு அறுந்த நேரத்துப் பதிவைக் கேமராவின் எஸ்டி கார்டிலிருந்து தானே நிரப்பிக்கொள்ளும் வசதியும் பல மாடல்களில் கிடைக்கும். வேறு நிறுவனப் பெட்டி என்றால் ஆன்விஃப் (வெவ்வேறு நிறுவனக் கருவிகள் ஒன்றோடொன்று பேசும் பொதுத் தரம்) ப்ரொஃபைல் டி (T) இருக்கிறதா என்று பாருங்கள். ப்ரொஃபைல் எஸ் மட்டும் இருந்தால் எச்.265 வரும் என்று நம்ப முடியாது. இரண்டையும் சேர்த்தும் செய்யலாம்: பெட்டி 24 மணி நேரமும் எழுதட்டும், கணினியில் ஃப்ரிகேட் சப் ஸ்ட்ரீமை மட்டும் வாங்கி ஆள், வண்டி பார்த்துத் தகவல் அனுப்பட்டும். கணினி நின்றாலும் பதிவு நிற்காது. உங்கள் இடத்துக்கு இந்த ஏற்பாட்டைத்தான் நான் முதலில் யோசிப்பேன்.

எதை எடுத்தாலும் 12 கேமராவையும் ஏற்றி மூன்று நாள் ஓட விட்டு, வேண்டுமென்றே கெடுத்துப் பாருங்கள். ஒரு கேமராவின் கேபிளை இரண்டு நிமிடம் பிடுங்கி மாட்டுங்கள். தானாகவே பதிவு தொடங்குகிறதா, எத்தனை நொடியில்? கணினியின் மின்சாரத்தை நேரடியாகத் துண்டித்து மறுபடி கொடுங்கள். யாரும் தொடாமல் எழுந்து பதிவுக்கு வருகிறதா? பயாஸில் "மின்சாரம் வந்ததும் இயங்கு" என்பதை இயக்கியிருக்க வேண்டும். சேமிப்பு வரம்பைத் தற்காலிகமாக 200 ஜிபி ஆக்கி, நிரம்பியதும் பழையது அழிகிறதா என்று பாருங்கள். யுபிஎஸ் வைக்கும்போது கணினியை மட்டும் அதில் மாட்டாதீர்கள், பிஓஇ சுவிட்சும் டிவிஆரும் அதில்தான் இருக்க வேண்டும். மின்வெட்டில் கணினி விழித்திருந்து கேமரா எல்லாம் தூங்கினால் பயனில்லை. யுஎஸ்பி கேபிளால் யுபிஎஸ்ஸைக் கணினியோடு இணைத்து, பாட்டரி 20 சதவீதம் வந்ததும் ஒழுங்காக ஷட் டவுன் ஆகும்படி வையுங்கள். டேட்டாபேஸ் உடைவது பெரும்பாலும் திடீர் மின்வெட்டில்தான்.


மூடியபோர்ட்:

அந்தச் சோதனையில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: அலுவலகத்தில் உட்காருபவரையே கூப்பிட்டு, "நேற்று மாலை 4 மணியிலிருந்து 4:10 வரை, கேட் கேமரா, பென் டிரைவில் வேண்டும்" என்று சொல்லிப் பாருங்கள். நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது. அவரால் முடிந்தால்தான் அந்த மென்பொருள். எடுத்த ஃபைலை வேறொரு கணினியில், எந்தத் தனி பிளேயரும் இல்லாமல் திறந்து பாருங்கள். ப்ளூ ஐரிஸ் தன் சொந்த பிவிஆர் வடிவில் எழுதும், அதை எம்பி4 ஆக ஏற்றுமதி செய்துதான் கொடுக்க வேண்டும். அப்போதும் மறுபடி சுருக்காமல் ஏற்றுமதி செய்யும் தேர்வை வையுங்கள். விசாரணைக்குக் கொடுக்கும் பதிவு என்றால், சம்பவத்துக்கு முன்னும் பின்னும் 10 நிமிடம் சேர்த்து எடுங்கள். எடுத்த உடனேயே ஷா-256 மதிப்பை (ஃபைல் மாறினால் தானும் மாறும் கைரேகை எண்) குறித்து வைத்து, ஒரு பிரதியைத் தனியாக ஒதுக்குங்கள். 30 நாள் சுழற்சி அதைத் தின்றுவிடக் கூடாது.